சாம்பலானுக்குள்ள இருந்தவ சொல்றேன்

எனக்கு அறுபத்தெட்டு வயசு. பெத்தது அஞ்சு. தங்கச்சி போனதுக்கப்புறம் அவ மகளையும் சேத்து வளத்தது ஆறு. ஆறு பேரும் சொந்தக் கால்ல நிக்கிறாங்க. இதை மொதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா என்னைத் தேடி வர்றவங்க யாரும் இதைக் கேக்குறதில்ல. வாசல்ல செருப்பைக் கழட்டுறதுக்குள்ள, "அம்மா, வானக்கப்பலைப் படமா எடுக்கலாமா கூடாதா, நீங்க என்ன சொல்றீங்க?"ன்னு ஆரம்பிச்சிடுறாங்க.

ஒருத்தர் ரெண்டு பேருன்னா பரவாயில்ல. கிளினிக்குக்குப் போனா பிரஷர் பாக்குற புள்ள கேக்குது. பூசை முடிஞ்சு வெளிய வந்தா ஃபாதர் கேக்குறாரு. பல்லேபொல பஸ்ல கண்டக்டர் தம்பி சிங்களத்துல கேக்குறாரு. அவரு தமிழ் தெரியாமலே பதினெட்டு வருஷம் நாடகம் பாத்தவராம். பேஸ்புக்குல ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு சண்டை வேற. ஒரு கட்சி எடுத்தே ஆகணும்ங்குது. மத்தக் கட்சி, எடுத்தா எல்லாம் நாசமாப் போயிரும்ங்குது. ரெண்டு பேருக்கும் வேற சோலி இல்ல.

சரி, இந்தத் தடவை எனக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் வந்திருச்சு. கேட்டது சேரு, அந்த நாடகத்தை எடுத்த டைரக்டர். எழுதித்தான் அனுப்பணும்னு அவரே சொல்லிட்டாரு. எழுதுறதுதான் எழுதுறோம், எல்லாருக்கும் சேத்து எழுதிடலாம்னு உக்காந்திருக்கேன். அப்புறம் யாரும் என்னைக் கேக்க வேணாம். நான் மூணாம் வகுப்பு. என் பேரை எழுதுவேன், பஸ் போர்டு வாசிப்பேன், அவ்வளவுதான். நான் சொல்லச் சொல்ல எழுதுறது எம் பேத்தி ஷெரின். அவ ஏ.எல். படிக்கிறதால என் பேச்சைத் திருத்தப் பாக்குறா. திருத்தாதடின்னு சொல்லியிருக்கேன்.

வானக்கப்பல் தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். டீவியில ஞாயித்துக்கிழமை சாயந்தரம் போன தமிழ் நாடகம். பூமியில இருந்து கெளம்பின கப்பல் ஒண்ணு வானத்துல வழி தவறிப் போயிருது. உள்ள ஒரு கப்டன், கொஞ்சம் சனம். வாரத்துக்கு ஒரு கிரகத்துல எறங்குவாங்க, ஊருக்குத் திரும்ப வழி தேடுவாங்க, கெடைக்காது. மூணாவது வாரம் ஒரு கிரகத்துல இருந்து சாம்பல் நெறத்துல ஒரு உருவம் கப்பல்ல ஏறிக்கும். பேசாது. நெத்தியில ஒரு பல்பு எரியும். அதுக்கு சாம்பலான்னு பேரு. ஒரே வாரம்தான் வரணும்னு எழுதியிருந்தாங்க. பதினெட்டு வருஷம் வந்திச்சு. அந்தச் சாம்பலானுக்குள்ள இருந்தவ நான்.

அதுக்கு முந்தி மாத்தளைக்கு மேல ஒரு தோட்டத்துல இருபத்தஞ்சு வருஷம் கொழுந்து பறிச்சேன். அதைப் பத்தி எழுத ஒண்ணுமில்ல, எல்லாரும் பறிச்சதுதான். எங்க தோட்டத்துல தேயிலை ஸ்டோர் மூடிக் கெடந்திச்சு. அந்த ஆலையைத்தான் நாடகக்காரங்க வாடகைக்கு எடுத்து, கப்பலோட உள்பக்கமா மாத்தினாங்க. தேயிலை அரைக்கிற ரோலர் மெஷினுக்கு வெள்ளிப் பேப்பர் சுத்தி இஞ்சின்னாங்க. ரப்பர் உடுப்பை முன்னாடியே தைச்சுட்டாங்க. அதைப் போட வேண்டிய ஆளு கொழும்புல இருந்து வரல. உடுப்புக்குள்ள நொழையிற உயரத்துல ஆளு வேணும்னு சேரு மலைக்கே வந்துட்டாரு. நான் நாலடி ஒம்பது அங்குலம். கொழுந்து நிறுக்க வரிசையில நின்ன எங்களை ஒரு பார்வை பாத்தாரு. "நீ வா" அப்படின்னாரு. அன்னைக்கிக் கூடையை எறக்கி வச்சவதான்.

உடுப்பு போடுறது லேசில்ல. இப்ப வர்ற புள்ளைங்க உடுப்புன்னா சிப்பை இழுத்துவிட்டாச்சுன்னு நெனைக்கிறாங்க. காலையில முழங்கை, முழங்கால், கழுத்து எல்லாம் தேங்காயெண்ணெய் பூசணும், இல்லாட்டி ரப்பர் தோலை இழுத்துக்கிட்டு வரும். உள்ளுக்கு ஆம்பளைங்க போடுற கை நீட்டு பெனியன். மொதல்ல காலு, அப்புறம் வயிறு, அப்புறம் கை. முதுகுல இருபத்திரெண்டு கொக்கி. அதைப் பூட்டுறது ரீட்டா, எங்க லயத்துல பக்கத்து வீட்டுக்காரி. பூட்டி முடிச்சதும் கொக்கி தெரியாம ரப்பர் பட்டை ஒண்ணை வச்சு ஒட்டிருவா. ஒட்டியாச்சுன்னா மத்தியானம் வரைக்கும் கக்கூசு கெடையாது. அதனால காலையில ஒரே ஒரு பிளேன்டீ. கடைசியாத் தலை. கண்ணு இருக்க வேண்டிய எடத்துல தேயிலை சலிக்கிற கம்பிவலை. ஸ்டோர்ல கெடந்ததைத்தான் வெட்டி வச்சாங்க. பல்புக்கு பெட்டரி இடது காதுக்கு மேல. தலையை மாட்டினதும் எனக்கு முன்னால ஒரு கைக்குட்டை அளவு வெளிச்சம் தெரியும். என் காலு எனக்குத் தெரியாது.

காலை எங்க வைக்கிறதுன்னு சேருதான் சொல்லுவாரு. கெமராவுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு, "ரெண்டடி. நில்லு. வலப்பக்கம் பள்ளம். இப்பத் திரும்பு." சத்தமாப் பேசமாட்டாரு. ஒவ்வொரு தடவையும் தொடங்குறதுக்கு முந்தி கண்ணாடியைக் கழட்டி ஷர்ட் நுனியில துடைப்பாரு. முடிஞ்சதும், "சரி, அடுத்தது." நல்லா இருந்திச்சுன்னு சொன்னதில்ல. கேள்வியும் கேக்கமாட்டாரு. "சாப்பிட்டியா"ன்னுகூட கேட்டதில்ல, "சாப்பிடு"ன்னுதான் சொல்லுவாரு. டீ குடிக்கிற நேரத்துலயும் என்னைச் சாம்பலான்னுதான் கூப்பிடுவாரு. தலையில்லாம என்னை வெளியாளு யாரும் பாக்கக்கூடாதுன்னு ஒரு சட்டம். கேட்டா ஷூட்டிங்குக்குச் சமைக்கிறேன்னு சொல்லணும். நாடகம் முடிஞ்சு ஓடுற பேரு லிஸ்டுலயும் என் பேரு இருக்காது. பதினெட்டு வருஷமும் ஊரு என்னைச் சமையல்காரின்னுதான் நெனைச்சிச்சு. அதுல எனக்கு ஒரே ஒரு கோவம்தான். என் சமையலும் நல்லாத்தான் இருக்கும், அதைச் சாப்பிடாமலே நல்லா இல்லன்னாங்க.

எட்டாவது வருஷம் ஸ்டோர் இரும்புப் படியில வழுக்கி முழங்கால் போச்சு. ரெண்டு மாசம் வீட்டுல கெடந்தேன். திரும்பிப் போனப்ப நடையில நொண்டல். சேரு கொஞ்ச நேரம் பாத்தாரு. கதை எழுதுறவரைக் கூப்பிட்டு, "இனிமே சாம்பலான் நொண்டும், எழுதிக்க" அப்படின்னாரு. வலிக்குதான்னு கேக்கல. ஆனா அதுக்கப்புறம் ஒரு வாரத்துலயும் சாம்பலானுக்குப் படி வரல. கவனிச்சுப் பாருங்க, வராது.

இனி அட்டைச் சமாச்சாரம். இதைத்தான் எல்லாரும் கேப்பாங்க.

ஏலக்காட்டுல ஷூட்டிங். கதைப்படி கப்டன் சாம்பலானை ஒரு கிரகத்துல விட்டுட்டுப் போறான். கப்பல் மேல போறதைச் சாம்பலான் அசையாம நின்னு பாக்கணும். ஏலக்காட்டுல மழைக்கு ரத்தம் குடிக்கிற அட்டை எப்படி இருக்கும்னு எங்களுக்குத் தெரியும். உப்பும் சவுக்காரமும் சேத்துக் கால்ல தடவாம எவளும் போகமாட்டா. நானும் தடவப் போனேன். சேரு, "உப்பு வேணாம், பெயின்ட் உரியும். சவுக்காரம் மட்டும் போடு"ன்னுட்டாரு. தோட்டத்துல வளந்த எனக்கு அதைக் கேட்டு நிக்கிற புத்தி எங்க இருந்து வந்திச்சுன்னு இன்னைக்கும் தெரியல. நின்னேன்.

"நான் சொல்ற வரைக்கும் அசையாத" அப்படின்னாரு. கெமரா ஓடுது. கணுக்கால் தையலுக்குள்ளால ஏறிச்சு. முழங்கால் மடிப்புல ஒண்ணு. வயித்துல ஒண்ணு. எண்ணிக்கிட்டே நின்னேன், அஞ்சுக்கு மேல எண்ணல. ஒண்ணு கழுத்து வழியா ஏறித் தலைக்குள்ள வந்து இடது கண்ணுக்குக் கீழ உக்காந்திச்சு. கையை உள்ள கொண்டு போக வழியில்ல. மேட்டுல லயத்துப் புள்ளைங்க கூட்டமா நின்னு பாத்துக்கிட்டிருக்குதுங்க, தலையைக் கழட்டவும் ஏலாது. கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன். ஒடம்பு தன்னால நடுங்கிச்சு. சேரு வாயைத் தெறக்கல. கெமராவும் நிக்கல.

புள்ளைங்களை அனுப்பிட்டு ரீட்டா கொக்கியைக் கழட்டினா. பதினொரு அட்டை. காலுப் பக்கம் ரத்தம் தேங்கி நிக்குது. ரீட்டா கத்தின கத்துல சேரு வந்து பாத்தாரு. கண்ணாடியைத் துடைச்சாரு. கொஞ்சம் கழிச்சு, "சரி, அடுத்தது" அப்படின்னாரு. மறுவாரம் போனா உடுப்புல ரெண்டு கணுக்காலுக்கும் உள்ளுக்கு உப்புப் பை தைச்சிருக்கு. அதுக்கப்புறம் பெயின்ட் வாரா வாரம் உரிஞ்சிச்சு. வாரா வாரம் திரும்ப அடிக்க வச்சாரு. ஏன்னு யாருக்கும் சொல்லல.

அந்த வாரம் நாடகம் போனதும் ஊரே அழுதிச்சு. சாம்பலான் அழுதிச்சுன்னு அழுதாங்க. எங்க வீட்டுக்காரரு சோத்துத் தட்டைக் கையில வச்சிக்கிட்டு, "பாவம்டி, அதுக்கும் மனசு இருக்கு பாரு"ன்னாரு. நான் பக்கத்துல உக்காந்து கடிபட்ட காலைச் சொறிஞ்சிக்கிட்டிருந்தேன்.

ஆறு வருஷத்துக்கு முந்தி நாடகத்தை நிப்பாட்டிட்டாங்க. முடிக்கல, நிப்பாட்டினாங்க. கப்பல் ஊருக்கு வந்து சேரல. அப்பத்தான் உள்ள இருந்தது நான்னு ஊருக்குத் தெரிஞ்சிச்சு. அதுக்கப்புறம் சேருக்கு ரத்தத்துல சீனி கூடுற வருத்தத்துல ரெண்டு கண்ணும் போயிருச்சு. இப்ப நாவுலங்கிற ஊருல அவரு தங்கச்சி வீட்டுல இருக்காரு. நாடகம் அவரு பேருல இருக்கு. அவரு சரின்னு கையெழுத்துப் போட்டாத்தான் படம் எடுக்கலாம். போன மாசம் ஆள் விட்டுக் கூப்பிட்டாரு. போனேன்.

உள்ள கால் வைக்கும்போதே, "உக்காரு" அப்படின்னாரு.

"யாருன்னு தெரியுமா சேர்?"

"நொண்டிக்கிட்டு வர்றது வேற யாரு? படத்துக்குக் கேக்குறாங்க."

"ஊருக்கே தெரியும் சேர். பஸ்ல ஏற முடியல."

"கொஞ்சம் எடுத்துக் காட்டப் போறாங்களாம். மாத்தளையில. நான் பாக்க ஏலாது. நீ போய்ப் பாரு."

"சரி சேர்."

டீக் கோப்பையைத் தடவிப் புடிச்சாரு. அப்புறம், "அந்தோனியம்மா, நீ என்ன சொல்ற? எடுக்கலாமா?" அப்படின்னாரு.

என் பேரு அவருக்குத் தெரியும்னு எனக்கு அன்னைக்கித்தான் தெரியும். கேள்வி கேக்கத் தெரியும்னும் அன்னைக்கித்தான் தெரியும். முழங்கால் நல்லா இருந்த காலத்துல கேட்டிருக்கலாம்.

"ஒங்களுக்கு ஆசையா சேர்?"

"கப்பலை அந்தரத்துல விட்டுட்டேன்ல. எறக்கிப் பாக்கணும்னு இருக்கு." அப்புறம் சொன்னாரு, "நேர்ல வந்து சொல்லாத. என் மூஞ்சியைப் பாத்தா மாத்திச் சொல்லிருவ. எழுதி அனுப்பு. தங்கச்சி வாசிச்சுக் காட்டுவா. நீ சொல்றபடி செய்யிறேன்."

எம்மேல இப்படி ஒரு பாரத்தைத் தூக்கி வச்சுட்டு அவரு பாட்டுக்கு டீயைக் குடிச்சாரு.

மாத்தளையில ஒரு கல்யாண மண்டபத்துல செவுரு அளவு வெள்ளைத் துணி கட்டியிருந்தாங்க. படம் எடுக்கப் போற தம்பிக்கு நிரோஷன்னு பேரு. என்னைக் கண்டதும், "வாங்க பாட்டி"ன்னாரு.

"பாட்டி ஒங்க வீட்டுல இருப்பாங்க தம்பி. எனக்கு அந்தோனியம்மான்னு பேரு" அப்படின்னேன்.

நல்ல புள்ளதான். சின்ன வயசுல இருந்து ஒரு வாரம் விடாமப் பாத்ததாம். பக்கத்துல உக்காந்து சாம்பலானைப் பத்தி எனக்கே பாடம் எடுத்தாரு.

"சாம்பலான் எப்பவும் தலையை இடது பக்கம் சாய்ச்சிருக்கும்லம்மா. அது தன்னோட கிரகத்துல இருந்து வர்ற சத்தத்தைக் கேக்குது. படத்துல அதைக் காட்டுறோம்."

"பெட்டரி அந்தப் பக்கம் இருந்திச்சு தம்பி."

சிரிச்சாரு. நான் சிரிக்கல.

"நொண்டல் ஒரு யுத்தத்துல வந்த காயம். அந்த யுத்தத்தை இருபது நிமிசம் எடுக்கிறோம்."

"எந்த யுத்தம்? அது ஸ்டோர்ப் படி."

"கதைக்கு அப்படி வேணும்லம்மா."

அப்புறம் லைட்டை அணைச்சாங்க. பழைய அட்டைக் காட்சியைத்தான் மொதல்ல போட்டாங்க, பெரிய துணியில எப்படி இருக்குன்னு பாக்க. எங்க வீட்டு டீவி ஒரு பிஸ்கட் டின் அளவு. அதுல நான் பாத்ததெல்லாம் ஒரு சாம்பல் உருவம் நடுங்குறதைத்தான். இங்க சாம்பலானோட மூஞ்சியே செவுரு அளவு. கம்பிவலைக்கு அந்தப் பக்கம் ரெண்டு கண்ணு தெரியுது. இறுக்கி மூடியிருக்கு. இடது கண்ணுக்குக் கீழ கறுப்பா ஒண்ணு அசையுது. ஒரு தடவை கண்ணு தெறந்து திரும்ப மூடுது.

மண்டபத்துல பின்னால இருந்து ஒரு பொண்ணு, "ஐயோ, உள்ள ஒரு பொம்பள இருக்கா" அப்படின்னிச்சு.

நிரோஷன் என் பக்கம் குனிஞ்சு, "கவலைப்படாதீங்கம்மா, கம்பியூட்டர்ல அழிச்சிரலாம்" அப்படின்னாரு. ஆறுதல் சொல்றாராம்.

பொறகு புதுச் சாம்பலானைப் போட்டாங்க. உள்ள ஆள் இல்ல, முழுக்கக் கம்பியூட்டர். பொய் சொல்லக்கூடாது, அழகா இருந்திச்சு. தோலுல மழைத்தண்ணி ஓடுறது தெரியுது. மலையில எறங்கி ஓடி வருது. பாத்தவங்க கை தட்டினாங்க, நானும் தட்டினேன். ஆனா கீழ்முகமா எறங்குற எதுவும் முழங்காலை மடிச்சு எறங்கணும். இது பாரமே இல்லாம எறங்குது. பதினெட்டு வருஷம் சனம் எதைப் பாத்திச்சுன்னு அப்பத்தான் எனக்குப் புடிபட்டிச்சு. சனம் சோறாக்கிக்கிட்டே பாத்தாங்க, புள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டே பாத்தாங்க. அவங்களுக்கு வயசு போகப் போக சாம்பலானுக்கும் வயசு போச்சு. அவங்க முழங்கால் வலிச்சப்ப அதுவும் நொண்டிச்சு. அதை ரெண்டு மணித்தியாலத்துல எப்படிக் காட்டுறது? காட்ட ஏலாதுன்னுதான் யுத்தம் போடுறாங்க.

கடைசியில எழுத்து ஓடிச்சு. எல்லாத்துக்கும் மேல ஒரு பேரு, ஆளுயர எழுத்துல. எழுத்துக் கூட்டி வாசிச்சேன். அந்தோனியம்மா. என்னைச் சந்தோசப்படுத்தப் போட்டிருக்காங்க. படத்துலயும் இப்படியே மொதல் பேராப் போடுவோம்னு நிரோஷன் சொன்னாரு. சந்தோசமாத்தான் இருந்திச்சு. இன்னும் கொஞ்ச நேரம் நிக்கும்னு பாத்தேன், போயிருச்சு. சரின்னு சொன்னா அந்தப் பேரு நாடு முழுக்க ஓடும். எம் புள்ளைங்க ஆறு பேரும் தியேட்டர்ல உக்காந்து பாப்பாங்க. மூணு நாளா இதைத்தான் யோசிச்சேன். எனக்கு ஆசையில்லன்னு யாரும் எழுதிறாதீங்க.

சேர், இனி ஒங்களுக்கு மட்டும் சொல்றேன். படம் நல்லாத்தான் இருக்கும். நிரோஷன் தம்பி கெட்டிக்காரரு, அவருக்குச் சொந்தமா ஒரு கதை இருந்தா அதை எடுக்கட்டும், மொதல் ஆளா நான் போய்ப் பாப்பேன். ஆனா வானக்கப்பலைக் குடுக்காதீங்க. அவங்க சாம்பலானை எடுத்துக்கிட்டு உள்ள இருக்குற கண்ணை அழிச்சிருவாங்க. அந்தக் கண்ணு தெரிஞ்சது ஒங்களுக்கும் தெரியும்னு நெனைக்கிறேன். கெமராவுக்குப் பக்கத்துல அவ்வளவு கிட்ட நின்னவரு நீங்க, கண்ணாடியை வேற துடைச்சுட்டு நின்னீங்க. தெரிஞ்சும் அதைத் திரும்ப எடுக்காம விட்டீங்க. அது எனக்குப் போதும். பேரு வேணாம்.

வேணாம் சேர். இதுதான் என் பதில்.

கப்பலை எறக்கணும்ங்கிற ஆசை ஒங்களுக்கு இருக்குறது தெரியும். அது எந்த ஊருல எறங்கும், யாரு கதவைத் தெறப்பாங்கன்னு எல்லாம் ஒங்க மனசுல இருக்கும். ஞாயித்துக்கிழமை நாவுல பஸ்ல வர்றேன். எனக்குச் சொல்லுங்க. கோவமா இருந்தா மறு ஞாயிறு வர்றேன்.

ஷெரின், இனி இதை மொதல்ல இருந்து வாசி. அவசரப்படாத. நான் கண்ணை மூடிக்கிட்டுக் கேக்குறேன். வேணாம்னு சொல்ற எடம் சேரு காதுல எப்படி விழும்னு எனக்குத் தெரியணும்.